எந்த ஆய்த்து?

நேற்று உங்கள் வகுப்பறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரிட்டயர் ஆனவளுக்கு வேறென்ன வேலை? நீங்கள் ஒவ்வொரு பிள்ளையாகப் போய், ‘முடிச்சாச்சா?’ என்று கேட்கிறீர்கள். ‘முடிச்சாச்சு மிஸ்’ என்கிறார்கள். நீங்களும் முகம் மலர்ந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுகிறீர்கள். எழுந்து உள்ளே வந்துவிடலாமா என்று பார்த்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பிள்ளைகள் எதிரில் திருத்தக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் ஒரே கொள்கை. அதைக் காப்பாற்ற உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இன்று உங்களை டீ குடிக்கக் கூப்பிட்டேன்.

ரேவதி கதையைச் சொல்கிறேன். அதைக் கேட்டுவிட்டு, நாளைக்கும் ‘முடிச்சாச்சா?’ என்று கேட்க உங்களுக்கு மனசு வந்தால் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருப்பத்தூரிலிருந்து கல்யாணமாகி இந்தப் பெங்களூருக்கு வந்தேன். அல்சூரில் வீடு. ஏரிக்குப் போகும் தெருவில் ஒரு மாடி அறையில் சாயங்கால வகுப்பு நடந்தது, அங்கே சேர்ந்தேன். டியூஷன் இல்லை, அதை அப்போதே வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். பாடம் நடத்துவது பள்ளிக்கூடத்தின் வேலை. பிள்ளையை உட்கார வைப்பது, எதை முதலில் எடுப்பது, எதை நாளைக்கு வைப்பது, எப்போது புத்தகத்தை மூடுவது என்று பழக்குவது எங்கள் வேலை. கேட்க லேசாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும், இந்தப் பழக்கம் நமக்கே கிடையாது என்று.

சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் பெயர் ஒரு பக்கம், பாடங்கள் மேலே. ஒரு பாடத்தைத் திருப்பிப் பார்த்து முடித்தால் அந்தக் கட்டத்தில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் டிக். அந்தப் பேனா என் கையில் இருந்தது. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை, மறைப்பானேன்!

ரேவதி பத்தாம் வகுப்பு. இங்கே எஸ்.எஸ்.எல்.சி. என்பார்கள். மூன்று தலைமுறையாக அல்சூரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பாவுக்கு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெஷின் வேலை, ஷிப்ட் முறை. பெண் அப்படி ஒரு தங்கம். குரல் உயர்த்த மாட்டாள், சொன்ன பேச்சைத் தட்ட மாட்டாள், பக்கத்துப் பெண்ணின் ரப்பரைக்கூடக் கேட்காமல் எடுக்க மாட்டாள். எனக்கு அவளைக் கண்டாலே பிடிக்கும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நமக்குப் பிடித்த பிள்ளையைத்தான் நாம் சரியாகப் பார்ப்பதில்லை.

தசரா லீவு முடிந்து வந்ததும் அவளிடம் சொன்னேன், கணக்கில் முதல் பாடத்தை இந்த வாரத்துக்குள் போட்டுப் பார்த்துவிடு என்று.

“ஆய்த்து மிஸ்” என்றாள்.

எனக்குப் புல்லரித்துப்போனது. அதற்குள்ளா! நான் சொல்வதற்கு முன்னாலேயே போட்டு முடித்திருக்கிறாளே! எங்கள் ஊரில் ‘ஆயிடுச்சி’ என்போம். ‘ஆய்த்து’ என்று காதில் விழுந்தால் புத்தகத்தில் படித்த ‘ஆயிற்று’தான் எனக்கு ஞாபகம் வரும். பெங்களூர்த் தமிழில் அதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கெட்டிக்காரி என்று முதுகில் தட்டினேன். பச்சை டிக் போட்டேன். அப்படியானால் இரண்டாவது பாடத்தையும் பார்த்துவிடு என்றேன்.

“ஆய்த்து மிஸ்.”

இன்னொரு டிக். இன்னொரு பாடம். டிசம்பர் வருவதற்குள் சார்ட்டில் ரேவதியின் வரிசை வயல் மாதிரி பச்சையாக இருந்தது. மற்றப் பிள்ளைகளிடம் அதைக் காட்டித் திட்டினேன். அவளைப் பாருங்கள், வாயே திறப்பதில்லை, வேலையை முடித்துவிட்டு நிற்கிறாள் என்று. ரேவதி தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைத்தேன்.

ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் பிரிப்பரேட்டரி பரீட்சை. பொதுத்தேர்வுக்கு முன்னால் நடக்கும் ஒத்திகை. ரேவதி கணக்கில் பாதித் தாளை வெள்ளையாக மடித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அவள் பள்ளிக்கூடத்துக்கு ரிசல்ட் பைத்தியம் உண்டு. கணக்கில் தேறாதவர்களுக்கு இரண்டு வாரம் கழித்து ஒரு மறுபரீட்சை வைப்பார்கள், முழுப் பாடமும் அதில் வரும். அதிலும் தேறாவிட்டால் பள்ளி சார்பாகப் பொதுத்தேர்வுக்கு அனுப்ப மாட்டார்கள். பிரைவேட்டாகக் கட்டிக்கொள் என்று டி.சி. கொடுத்துவிடுவார்கள். ரேவதியின் வீட்டில் அதற்கு அடுத்தது என்ன என்பதும் முடிவாகிவிட்டிருந்தது. தெருவில் பாதிப் பெண்கள் போகும் கார்மென்ட்ஸ் வேலைக்கு அவளும் போவாள். ஆக இரண்டு வாரம். அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் இருப்பாளா, தையல் மெஷின் முன்னால் இருப்பாளா என்பது அந்த இரண்டு வாரத்தில் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறி வந்தார். கம்பெனி யூனிபார்மில் அப்படியே வந்திருந்தார். கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் வம்சத்துக்கே கணக்கு வராது மேடம், நானும் இதில்தான் படிப்பை விட்டு நின்றேன், என் தம்பியும் இதில்தான் நின்றான் என்று ஏதோ குடும்ப வியாதி மாதிரி சொன்னார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சுவரைக் காட்டினேன். ரேவதி, இத்தனை பாடம் முடித்தேன் என்று என்னிடம் சொன்னாயே, எல்லாம் பொய்யா என்று கேட்டுவிட வாயெடுத்தேன். நல்லவேளை, கடைசிச் சொல்லை விழுங்கிக்கொண்டேன். “முடிச்சேன்னு சொன்னியேம்மா?” என்பதோடு நின்றது.

“நான் எப்ப மிஸ் சொன்னேன்?” என்றாள்.

பொய் சொல்லும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். தரையைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் நம் கண்ணையே வெறிப்பார்கள். இவள் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. அப்பா எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அந்தப் பெண் அத்தோடு பொய்க்காரி. அப்புறம் அவளை யார் தூக்கி நிறுத்துவது? 

அந்த நேரம் கோயில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. எங்களோடு கன்னடம் பார்த்துக்கொள்ளும் மிஸ் ஒருவர் இருந்தார், மண்டியாக்காரர், என் வயசுதான். அவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு அந்த ஜன்னலைச் சாத்தப்பா என்று கன்னடத்தில் சொன்னார்.

“ஆய்த்து மேடம்” என்றார் வாட்ச்மேன்.

நான் திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். ஆவென்று திறந்திருந்தது. வாட்ச்மேன் டம்ளரில் மிச்சமிருந்த டீயை நிதானமாக உறிஞ்சினார், வேட்டியைச் சரிசெய்தார், அப்புறம்தான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

எனக்குத் தலையில் நங்கென்று குட்டிய மாதிரி இருந்தது. கன்னட மிஸ்ஸிடம் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். இது என்ன கேள்வி என்கிற மாதிரி பார்த்தார். “ஆய்த்துன்னா ‘சரி, ஆகட்டும்’னு அர்த்தம். முடிஞ்சதுன்னும் அர்த்தம். எடத்தைப் பொறுத்து” என்றார் தமிழில்.

இடத்தைப் பொறுத்து! மூன்று மாதமாக நான் ‘செய்’ என்றேன், அவள் ‘சரி’ என்றாள், அதை ‘முடிந்தது’ என்று வாங்கிக்கொண்டு பச்சை டிக்காகப் போட்டுத் தள்ளியிருக்கிறேன். முழு வாக்கியமும் கன்னடத்தில் வந்திருந்தால் காது உஷாராகியிருக்கும். அந்த ஒரு வார்த்தை தமிழுக்கு நடுவில் சொந்தக்காரி மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டதால் யாரென்றே கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த டிக் எல்லாம் என்னவென்று நினைத்தாய் என்று ரேவதியைக் கேட்டேன்.

“நீங்க குடுத்த வேலைக்கு டிக்குன்னு நெனச்சேன் மிஸ்.”

ஒன்று முடிவதற்குள் அடுத்ததை ஏன் வாங்கிக்கொண்டாய், முடியவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்கு அவள் சொன்னதைத்தான் நீங்கள் மறக்கக் கூடாது.

“நீங்க கெட்டிக்காரின்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தீங்க. வேணாம்னு எப்படி மிஸ் சொல்றது?”

வார்த்தைக் குழப்பம் பாதிதான். மீதி இதுதான். அந்த வார்த்தை இல்லாவிட்டாலும் அவள் வேறு ஏதாவது ஒன்றைச் சொல்லி வாங்கிக்கொண்டிருப்பாள். நாம் பாராட்டிய பிள்ளை நமக்கு ஏமாற்றம் தர விரும்பாது. அந்தப் பயத்திலேயே மூழ்கிப்போகும். சத்தம்கூட வராது.

அப்பாவுக்கு விஷயம் புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, அப்போ எல்லாப் பாடத்தையும் இந்த ரெண்டு வாரத்தில் போட்டுக் கொடுத்துவிடுங்கள் மேடம், ராத்திரி பகலாக உட்கார வைக்கிறேன் என்றார். வேண்டாம், ராத்திரி தூங்கட்டும் என்றேன். அவர் முகம் சுருங்கியது. அடுத்து நான் சொன்னது அவருக்கு இன்னும் கசந்தது. பாதிப் பாடத்தைத் தொடவே போவதில்லை என்றேன்.

இதைச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். அனுபவம் என்ன பெரிய அனுபவம், வேலைக்கு வந்து ஒரு வருஷம். ஆனால் ஒன்று தெரிந்தது. மூன்று மாதமாக மலையைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண்ணுக்கு மறுபடி அதே மலையைக் கொடுத்தால் அவள் மறுபடி ‘ஆய்த்து’ என்பாள். அவ்வளவுதான் நடக்கும்.

முதல் நாள் ஒரு கணக்கும் போடச் சொல்லவில்லை. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பி, உனக்கு வரும் என்று தோன்றுகிற இடத்தில் மட்டும் நில் என்றேன். ஒன்றும் வராது மிஸ் என்றாள். பரவாயில்லை, திருப்பு என்றேன். செட்ஸ் வந்தது. மேட்ரிக்ஸ் வந்தது. கிராஃப் பாதி வந்தது. வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது கண்ணை மூடிக்கொண்டு வந்தது. முப்பத்தைந்து மார்க்குக்கு வேண்டியதில் பெரும்பங்கு அவள் கையிலேயே இருந்தது. அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் தெரியாததைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்வியையும் மாற்றினேன். ‘முடிச்சாச்சா?’ போயே போச்சு. பக்கத்தில் போய், “எங்க நிக்கிறே?” என்று மட்டும் கேட்டேன். முதலில் திருதிருவென்று விழித்தாள். இரண்டு மூன்று நாளில் பதில் வர ஆரம்பித்தது.

“மூணாவது கணக்கு மிஸ். ரெண்டாவது வரியில மைனஸ் எங்கேருந்து வந்ததுன்னு தெரியல.”

அந்த ஒரு வரியைக் கேட்க எத்தனை சந்தோஷம் தெரியுமா? நிற்கிற இடம் தெரிந்துவிட்டால் பயத்துக்கு ஒரு எல்லை வந்துவிடுகிறது. கணக்கு வராது என்பதற்கு மருந்து இல்லை. மைனஸ் எங்கிருந்து வந்தது என்பதற்கு இருக்கிறது, உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன்.

‘ஆய்த்து’வுக்கும் ஒரு சட்டம் போட்டோம். யார் அந்த வார்த்தையைச் சொன்னாலும், “எந்த ஆய்த்து?” என்று கேட்க வேண்டும். சரிங்கற ஆய்த்தா, முடிஞ்ச ஆய்த்தா? முதலில் நான் கேட்டேன். அப்புறம் வகுப்பே கேட்க ஆரம்பித்தது. வாட்ச்மேனையும் விடவில்லை, பாவம். சார்ட்டில் ரேவதியின் கணக்குக் கட்டங்களின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினேன். இனி அந்த டிக்கை அவள்தான் போட வேண்டும் என்று பேனாவை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

மறுபரீட்சைக்குச் சில நாள் முன்பு எனக்கு நிஜமான சோதனை வந்தது. அப்பா அவென்யூ ரோட்டுப் புத்தகக் கடையில் ஒரு கெஸ் பேப்பர், என்னென்ன கேள்வி வரும் என்று ஊகித்து அச்சடித்த தாள், வாங்கி வந்துவிட்டார். பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் அதையே பேசிக்கொண்டார்களாம், நாங்கள் விட்டுவைத்த அந்தப் பெரிய தேற்றம் கட்டாயம் வருகிறது என்று. அவர் மேஜையில் தாளை விரித்து வைத்து நின்றார். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது வந்துட்டா என் பொண்ணு கதி?”

அது வந்துவிட்டால்? பாதியை விடு என்று சொன்னவள் நான். இரண்டு நாள் ஒதுக்கி அதையும் திணித்துவிடலாமா என்று மனசு அலைபாய்ந்தது. கன்னட மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் தன் விடைத்தாள்களுக்குள் தலையை விட்டுக்கொண்டார். இந்த மாதிரி நேரத்தில் யாரும் வந்து காப்பாற்ற மாட்டார்கள், நீங்களும் எதிர்பார்க்காதீர்கள்.

சட்டென்று தோன்றியது, இதை ஏன் நானும் அவரும் பேசிக்கொண்டிருக்கிறோம்? எழுதப் போகிறவள் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறாள்? “நீ சொல்லும்மா ரேவதி” என்றேன்.

அவள் கெஸ் பேப்பரைப் படித்தாள். தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“வேணாம்ப்பா. இப்ப இதைத் தொட்டா கிராஃபும் போயிடும். அது இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அதை முடிச்சுடறேன்.”

அந்தப் பெண் வாயிலிருந்து ‘வேணாம்’ என்று நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைப்பது மாதிரி திரும்பிக்கொண்டேன். அப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டீ சாப்பிடுகிறீர்களா என்று கன்னட மிஸ் அவரைக் கேட்டார்.

நீங்கள் இப்போது கேட்கப் போவது தெரிகிறது. அந்தத் தேற்றம் வந்ததா? வந்தது. கெஸ் பேப்பர்காரன் ஜெயித்தான். பரீட்சை முடிந்து வந்தவளிடம் என்ன செய்தாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே சொன்னாள், அதைப் பார்த்ததும் எங்கே நிற்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாளாம், அதைத் தாண்டிக் கிராஃபுக்குப் போய்விட்டாளாம். அதற்கப்புறம் ரிசல்ட் வரும்வரை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டார்.

ரிசல்ட் அன்று சாயங்காலம் மாடிப்படியில் காலடிச் சத்தம். ரேவதி முன்னால், அப்பா பின்னால். அன்று காலை ஷிப்ட் போலிருக்கிறது, கழுவியும் போகாத எண்ணெய்க் கறை அவர் கையில் இருந்தது. அவள் யாரிடமும் பேசவில்லை. நேராகச் சுவருக்குப் போனாள். ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத்தில் மெதுவாக, அழுத்தமாக, ஒரு பச்சை டிக் போட்டாள்.

“ஆய்த்து மிஸ்.”

சட்டம் சட்டம்தான். “எந்த ஆய்த்து?” என்றேன்.

“முடிஞ்ச ஆய்த்து.”

வகுப்பே கை தட்டியது. பெரிய மார்க் ஒன்றும் இல்லை, கோட்டைத் தாண்டியிருந்தாள், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும். அவளைக் கட்டிக்கொண்டேன். அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் கறைக் கையைப் பேன்ட்டில் துடைத்தார். அப்பா என்கிற முறையில் ஏதாவது கண்டிப்பாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பொதுத்தேர்வுக்கும் இதே மாதிரி ஒழுங்காக உட்கார்ந்து படிக்கணும் என்றார்.

“ஆய்த்துப்பா” என்றாள் ரேவதி.

அவர் சரி என்று படி இறங்கப் போனார். இரண்டு படி இறங்கினவர் நின்று, திரும்பி, மகளைப் பார்த்தார்.

“எந்த ஆய்த்தும்மா?”

“சரிங்கற ஆய்த்துப்பா. இன்னொண்ணைப் பரீட்சை முடிஞ்சு வந்து சொல்றேன்.”